பிளாக் செய்தாலும் ஏன் வந்துகொண்டே இருக்கிறது?

இன்பாக்ஸில் ஒரு விளம்பர அஞ்சல் வந்து நிற்கிறது. அனுப்பியவர் யாரென்றே தெரியாது. எரிச்சலோடு ‘பிளாக்’ பொத்தானை அழுத்துகிறோம். மறுநாள் அதே சரக்கு, அதே வாசகம், வேறொரு பெயரில் வந்து சேர்கிறது. அதையும் பிளாக் செய்கிறோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தடைப் பட்டியலில் முகவரிகள் குவிந்து கிடக்கின்றன. குப்பை மட்டும் குறையவில்லை. இன்னொரு பக்கம், காத்திருந்த நேர்காணல் அழைப்போ கல்லூரிச் சேர்க்கைக் கடிதமோ ஸ்பேம் பகுதிக்குள் போய் விழுந்து, கடைசித் தேதி முடிந்த பிறகு கண்ணில் படுகிறது.

இந்த இரண்டு தொல்லைகளையும் சமாளிக்க மின்னஞ்சல் சேவைகள் நம் கையில் இரண்டு பட்டியல்களைக் கொடுத்திருக்கின்றன. இவர்கள் அனுப்புவது எனக்கு வேண்டாம் என்று சொல்லும் தடைப் பட்டியல் ஒன்று. இவர்கள் அனுப்புவதை ஒருபோதும் குப்பையில் போடாதே என்று சொல்லும் அனுமதிப் பட்டியல் மற்றொன்று. பார்வைக்கு இவை ஒரே கருவியின் இரு பக்கங்கள் போலத் தோன்றும். உண்மையில் இரண்டின் பலமும் வேறு, பலவீனமும் வேறு. நம்மில் பெரும்பாலோர் தடைப் பட்டியலை அளவுக்கு மீறி நம்புகிறோம். அனுமதிப் பட்டியலைத் தொடுவதே இல்லை, தொட்டாலும் கவனமின்றித் தொடுகிறோம். இரண்டிலும் மாற்றம் தேவை. அதற்கு மின்னஞ்சல் எப்படிப் பயணிக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுப்புநர் பெயரை எழுதுவது யார்?

ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் விதிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982-இல் ஜான் போஸ்டல் அதை எழுதி வெளியிட்டார். அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பு மிகச் சிறியது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ராணுவ அமைப்புகளும்தான் அதில் இருந்தன. அனுப்புகிறவர் தன் பெயரைப் பொய்யாகச் சொல்லலாம் என்ற கவலை அங்கே பெரிதாக எழவில்லை. அதனால் அவரைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அந்த விதிமுறைக்குள் வைக்கப்படவில்லை.

வேண்டாத விளம்பரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், புதிய கணினிகளின் அறிமுக நிகழ்ச்சிக்கு அழைப்பு விடுத்து ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். கண்டனங்கள் குவிந்தன. அதைத்தான் உலகின் முதல் ஸ்பேம் என்று இன்று குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் செய்தி அவருடைய உண்மையான பெயரையும் நிறுவனத்தையும் தாங்கி வந்தது. அந்த ஒரு பெயரைத் தடுத்திருந்தால் தொல்லை அன்றே தீர்ந்திருக்கும். தடைப் பட்டியல் என்ற யோசனை அப்படிப்பட்ட உலகத்துக்குப் பொருத்தமானது.

இன்றைய நிலை வேறு. இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்தால் காரணம் புரியும். அனுப்பும் சர்வர் முதலில் வணக்கம் சொல்லித் தன் பெயரைத் தெரிவிக்கிறது. பிறகு ‘மெயில் ஃப்ரம்’ என்ற கட்டளையோடு ஒரு முகவரியைத் தருகிறது. அடுத்து ‘ஆர்சிபிடி டூ’ என்ற கட்டளையோடு பெறுநரின் முகவரியைத் தருகிறது. கடைசியாக ‘டேட்டா’ என்று சொல்லிவிட்டுக் கடிதம் முழுவதையும் கொட்டுகிறது. அந்தக் கடிதத்துக்குள் மறுபடியும் ஒரு ‘ஃப்ரம்’ வரி இருக்கும். நம் திரையில் தெரிவது இந்த இரண்டாவது வரிதான். முதலில் சொன்ன முகவரி, அஞ்சலைச் சேர்க்க முடியாமல் போனால் திருப்பி அனுப்புவதற்காக வைக்கப்பட்டது. நாம் அதைப் பொதுவாகப் பார்ப்பதே இல்லை. தபால் உறையின் மேல் ஒரு முகவரியை எழுதிவிட்டு, உள்ளே வேறொருவருடைய லெட்டர்ஹெட்டில் கடிதத்தை வைப்பது போன்றது இது. உறையும் கடிதமும் பொருந்த வேண்டும் என்று 1982-இன் விதிமுறை கேட்கவில்லை.

இதற்கும் மேலாக, முகவரிக்கு முன்னால் காட்டப்படும் பெயர் ஒன்று உண்டு. அதில் அனுப்புகிறவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். வங்கியின் பெயரை எழுதலாம், உங்கள் மேலதிகாரியின் பெயரை எழுதலாம். கைபேசியில் பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டுமே தெரியும். முகவரியைப் பார்க்க அதன் மேல் ஒருமுறை தொட வேண்டும்.

ஆக, ஒரு மின்னஞ்சலில் அனுப்புநர் என்று சொல்லத்தக்கவை மூன்று. மூன்றையும் எழுதுகிறவர் அனுப்புகிறவரே. நாம் பிளாக் செய்யும்போது தடைப் பட்டியலில் ஏறுவது பெரும்பாலும் கடிதத்துக்குள் இருக்கும் ஃப்ரம் முகவரி. மோசடிக்காரர் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொள்வதும் அதே வரியைத்தான்.

தடைப் பட்டியல் தோற்கும் இடம்

ஸ்பேம் அனுப்புகிறவர்களின் வியாபாரக் கணக்கைப் பார்த்தால் முகவரி அவர்களுக்கு எவ்வளவு மலிவானது என்பது விளங்கும். 2008-இல் அமெரிக்காவின் சான் டியேகோ, பெர்க்லி கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு துணிச்சலான ஆய்வை வெளியிட்டார்கள். ‘ஸ்டார்ம்’ என்ற தீநிரலால் பிடிக்கப்பட்ட கணினிகளின் வலைக்குள் அவர்கள் ஊடுருவினார்கள். அங்கிருந்து போன மருந்து விளம்பரங்களில் ஒரு பகுதியின் இணைப்புகளை, யாருக்கும் தீங்கு செய்யாத தங்களுடைய போலித் தளத்துக்குத் திருப்பிவிட்டு, எத்தனை பேர் வாங்க முன்வருகிறார்கள் என்று எண்ணினார்கள். 26 நாட்களில் ஏறத்தாழ 35 கோடி அஞ்சல்கள் போயின. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர்.

ஒரு கோடி அஞ்சலுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியிருந்தும் இந்தத் தொழில் நடக்கிறது என்றால், ஓர் அஞ்சலை அனுப்ப ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று பொருள். முகவரியும் அப்படியே. நிரல் ஒன்று எழுத்துகளைக் கலைத்துப்போட்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான முகவரிகளை உருவாக்கிவிடும். நீங்கள் தடுத்த முகவரிக்கு இன்னொரு முறை வேலை இருக்கப்போவதில்லை. செத்த முகவரியைத்தான் பூட்டி வைக்கிறோம்.

இன்னொரு தீமையும் உண்டு. போலியாக எழுதப்பட்ட முகவரி சில சமயம் உண்மையான ஒருவருடையதாக இருக்கும். 1997-இல் அமெரிக்காவில் இணையதள இடம் தந்துவந்த ஒருவர், ஸ்பேம் அனுப்பிய ஒரு வாடிக்கையாளரின் கணக்கை மூடினார். பழிவாங்க நினைத்த அந்த ஆள், அவர் பெயரில் குப்பை அஞ்சல்களை ஊரெங்கும் பறக்கவிட்டான். வசவுகளும் தாக்குதல்களும் அந்த நிரபராதி மீது பாய்ந்தன. இவ்வகை ஆள்மாறாட்டம் இன்றும் நடக்கிறது. ஆத்திரத்தில் நாம் தடுக்கும் முகவரிக்குச் சொந்தக்காரர், அந்த அஞ்சலைப் பற்றி ஒன்றுமே அறியாதவராக இருக்கலாம்.

தடுப்பது பயனளிக்க வேண்டுமானால், அனுப்புகிறவர் எளிதில் மாற்ற முடியாத ஒன்றைத் தடுக்க வேண்டும். அனுப்பும் கணினியின் ஐபி எண், அந்தக் கணினிகளை ஆட்டிவைக்கும் சர்வர் ஆகியவை அத்தகையவை. 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பேம்ஹாஸ் அமைப்பு ஸ்பேம் கிளம்பும் ஐபி எண்களைத் தொகுத்துத் தருகிறது. உலகெங்கும் உள்ள அஞ்சல் சர்வர்கள் கடிதத்தை வாங்குவதற்கு முன்பே அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கின்றன. 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் இயங்கிய மெக்கோலோ என்ற ஒற்றை நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. பெரிய ஸ்பேம் வலைகள் பலவற்றை இயக்கிய சர்வர்கள் அங்கேதான் இருந்தன. உலகில் புழங்கிய ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. சில மாதங்களில் அது மறுபடியும் ஏறியது உண்மைதான். ஆனாலும் எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்பதை அந்த நிகழ்வு காட்டிவிட்டது. அது சேவை நடத்துகிறவர்களின் கைக்கு எட்டும் இடம். தனிமனிதரின் தடைப் பட்டியலுக்கு எட்டாது.

அப்படியானால் நம்முடைய தடைப் பட்டியல் எதற்கு? முகவரியை மாற்றாமல் அனுப்புகிறவர்களுக்காக. எழுதாதே என்று சொல்லியும் எழுதிக்கொண்டிருக்கும் தெரிந்த ஆள், உறுப்பினர் நிலையிலிருந்து விலகிய பின்னும் விடாமல் அனுப்பும் அமைப்பு, விலகும் இணைப்பு வேலை செய்யாத கடை ஆகியோருக்கு அது சரியான கருவி. ஜிமெயிலில் ஒருவரைப் பிளாக் செய்தால் அவர் அனுப்புவது அழிக்கப்படுவதில்லை; ஸ்பேம் பகுதிக்குப் போகிறது. தொல்லை கொடுக்கும் ஒருவர் மீது பின்னாளில் புகார் செய்ய நேர்ந்தால், அந்த அஞ்சல்கள் ஆதாரமாகும். ஆனால் ஜிமெயில் ஸ்பேம் பகுதியில் இருப்பவை 30 நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்களே எப்போதோ பெயர் கொடுத்த கடை அனுப்பும் விளம்பரத்துக்கு ‘அன்சப்ஸ்கிரைப்’ இணைப்பே முதல் வழி. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் தங்கள் விளம்பர அஞ்சல்களில் ஒரே தொடுதலில் விலகும் வசதியைத் தந்தாக வேண்டும் என்று கூகுள் விதி கொண்டுவந்தது. யாஹூவும் அதேபோன்ற விதிகளை அறிவித்தது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய குப்பைக்கு வேறு வழி: அதற்குள் இருக்கும் எந்த இணைப்பையும் தொடாமல் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ கொடுக்க வேண்டும். பிளாக் செய்தால் உங்கள் பெட்டியில் ஒரு முகவரி மட்டும் தடைபடும். ஸ்பேம் என்று தெரிவித்தால் அந்த அஞ்சலின் எல்லா அடையாளங்களும் வடிகட்டிக்குப் பாடமாகின்றன; அதே சரக்கு அடுத்தவர் பெட்டிக்கு வரும்போது பிடிபட வாய்ப்பு கூடுகிறது.

மதிப்பெண் போடும் வடிகட்டி

அந்த வடிகட்டி எப்படி முடிவெடுக்கிறது? 1998-இல் மைக்ரோசாஃப்ட், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மின்னஞ்சலின் சொற்களைக் கொண்டு அது ஸ்பேமாக இருக்கும் நிகழ்தகவைக் கணக்கிடும் முறையை முன்வைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தாமஸ் பேய்ஸ் தந்த கணிதத் தேற்றமே அதன் அடிப்படை. 2002-இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை ஒன்று இந்த முறையை நிரலாளர்கள் மத்தியில் பரவலாக்கியது. எந்தச் சொல் கெட்டது என்று மனிதர் தீர்மானிக்க வேண்டாம், நல்ல அஞ்சல்களையும் குப்பை அஞ்சல்களையும் கொடுத்தால் கணினியே எண்ணிக் கற்றுக்கொள்ளும் என்றார் அவர். அவருடைய கணக்கில், எழுத்துக்குப் பளிச்சென்ற சிவப்பு நிறம் கொடுக்கும் குறியீடு, ஆபாசச் சொற்களுக்கு நிகராக ஸ்பேமைக் காட்டிக்கொடுத்தது. மனிதர் யாரும் அதை முன்கூட்டி யோசித்திருக்க மாட்டார்கள்.

2001-இல் ஜஸ்டின் மேசன் தொடங்கிய ஸ்பேம்அசாசின் என்ற திறந்தமூல மென்பொருள், இன்றும் பல கல்லூரிகளிலும் இணையதள ஹோஸ்டிங் சேவைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தன் கணக்கை ஒளிப்பதில்லை என்பதால், வடிகட்டியின் வேலையைக் கிட்டத்தில் பார்க்க அதுவே நல்ல இடம். வரும் ஒவ்வொரு அஞ்சலையும் நூற்றுக்கணக்கான விதிகளால் சோதிக்கிறது. தேதி வரி இல்லையா, கொஞ்சம் புள்ளி. தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தா, இன்னும் கொஞ்சம். ஐபி எண் கெட்ட பட்டியலில் இருக்கிறதா, மேலும் கொஞ்சம். சொற்களின் நிகழ்தகவு ஸ்பேம் என்று உறுதியாகச் சொன்னால் பெரிய புள்ளி. நல்ல அறிகுறிகளுக்குப் புள்ளி கழிகிறது. கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிறிய கல்லூரி ஒன்று மாணவருக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறது. அறிக்கையைத் தட்டச்சு செய்யாமல் படமாக ஒட்டியிருக்கிறார்கள். கல்லூரியின் சர்வரை வேறு பலரும் பகிர்ந்துகொள்வதால், அவர்களில் ஒருவர் செய்த தவறுக்கு ஐபி எண்ணே கெட்ட பெயர் எடுத்திருக்கிறது. தலைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், ஆச்சரியக்குறிகள். எல்லாம் சேர்ந்து 5.2 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் அது ஸ்பேம் பகுதிக்குப் போகிறது.

இங்கேதான் அனுமதிப் பட்டியல் தன் பலத்தைக் காட்டுகிறது. பட்டியலில் அந்தக் கல்லூரியின் முகவரி இருந்தால் ஸ்பேம்அசாசின் 100 புள்ளிகளைக் கழித்துவிடுகிறது. 5.2 என்பது மைனஸ் 94.8 ஆகிறது. வேறு எந்த விதியாலும் இதைத் தாண்ட முடியாது. தடைப் பட்டியலில் இருந்தால் 100 புள்ளிகள் கூடும். ஒரே முகவரி இரண்டு பட்டியலிலும் இருந்துவிட்டால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று விழுங்கிவிட, பட்டியலே இல்லாதது போல மற்ற விதிகள் முடிவு சொல்லும். பழைய தடையை எடுக்காமல் புதிய அனுமதியைச் சேர்த்துவிட்டு, இன்னும் ஸ்பேமுக்கே போகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நல்லவர்களின் பட்டியல் பலன் தருவதற்குக் காரணம் எளிது. குப்பை அனுப்புகிறவர்களுக்குப் பெயர்கள் எண்ணற்றவை, நிலையற்றவை. நமக்கு முக்கியமானவர்களோ சிலர்தான், அவர்களின் முகவரி வருடக்கணக்கில் மாறுவதில்லை. வங்கி, பிள்ளைகளின் பள்ளி, அலுவலகம், மருத்துவமனை, நெருங்கிய உறவினர், நண்பர் என்று எண்ணினால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

பலமே ஆபத்தாகும்போது

அனுமதிப் பட்டியல் வடிகட்டியை வாயடைத்துவிடுகிறது. அதனால் தவறான ஒரு வரி அதில் நுழைந்தால், மோசடிக்குச் சிவப்புக் கம்பளம் விரித்ததாகிவிடும்.

பலரும் செய்யும் தவறுகளில் முதலாவது, சொந்த முகவரியை அல்லது சொந்த நிறுவனத்தின் டொமைனை, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதியை, அனுமதிப்பது. நம் அஞ்சல் நமக்கே குப்பையாகக் கூடாது என்ற நினைப்பு நியாயமானதாகத் தோன்றும். ஆனால் மோசடிக்காரர் கள்ளமாக எழுத விரும்பும் முதல் முகவரி அதுதான். ‘உங்கள் கணக்கை ஹேக் செய்துவிட்டோம், உங்கள் முகவரியிலிருந்தே எழுதுகிறோம் பாருங்கள்’ என்று மிரட்டிப் பணம் கேட்கும் அஞ்சல்கள், நாம் மேலே பார்த்த ஃப்ரம் வரியைப் போலியாக எழுதியவைதான். சொந்த டொமைனை அனுமதித்து வைத்தவர் இன்பாக்ஸில் அது நேராக வந்து உட்காரும்.

இரண்டாவது தவறு, ஜிமெயில், யாஹூ போன்ற பொதுச் சேவையின் டொமைனை மொத்தமாக அனுமதிப்பது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கக்கூடிய இடம் அது. அங்கே ஒருவரை நம்பினால் அவருடைய முழு முகவரியை மட்டுமே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நட்சத்திரக் குறியைக் கவனமின்றிப் போடுவது. ஸ்பேம்அசாசின் பட்டியலில் நட்சத்திரம் எந்த எழுத்துத் தொடரையும் குறிக்கும். @ குறியை விட்டுவிட்டு, நட்சத்திரத்தை ஒட்டி டொமைன் பெயரை எழுதினால், அந்தப் பெயரில் முடியும் எல்லா டொமைன்களும் உள்ளே வந்துவிடும். பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று ஒட்டி ஒருவர் புதிய டொமைன் பதிவு செய்தாலும் அதுவும் பொருந்திவிடும். நட்சத்திரம், @ குறி, டொமைன் என்ற வரிசையில் எழுதினால் அந்த டொமைனின் முகவரிகள் மட்டும் பொருந்தும்.

இந்த ஆபத்தை உணர்ந்தே பெரிய சேவைகள் அனுமதிப் பட்டியலுக்கும் எல்லை வகுத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 365-இல் ஒருவரைப் பாதுகாப்பான அனுப்புநர் என்று நீங்கள் சேர்த்திருந்தாலும், தீநிரல் உள்ளதென்றோ திட்டவட்டமான மோசடி என்றோ கண்டறியப்பட்ட அஞ்சலை அது உள்ளே விடாது.

பெயரை நம்பாமல் கையொப்பத்தை நம்புவது

ஃப்ரம் வரி பொய் சொல்லக்கூடியது என்றால், அதை வைத்து அனுமதிப் பட்டியல் போடுவது எப்படி? 1982-இல் விடுபட்ட சரிபார்ப்பை, அதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு மூன்று ஏற்பாடுகள் சேர்ந்து ஈடுகட்டின.

முதலாவது எஸ்பிஎஃப். எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்கள் இவைதான் என்று டொமைன் உரிமையாளர் இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் அறிவிக்கிறார். பெறும் சர்வர் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இது உறைமேல் உள்ள முகவரியை மட்டும் சோதிக்கும். இடையில் ஒருவர் அஞ்சலை வேறு பெட்டிக்குத் தானாகத் திருப்பிவிட்டால் இந்தச் சோதனை பெரும்பாலும் தோற்றுவிடும். இரண்டாவது டிகிம். அனுப்பும் சர்வர் தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் கடிதத்தின் மீது டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. பொதுச் சாவி பெயர்ப் பதிவேட்டில் இருக்கும். வழியில் கடிதம் மாற்றப்பட்டால் கையொப்பம் பொருந்தாது. மூன்றாவது டிமார்க். 2012-இல் அறிவிக்கப்பட்ட இது, முதல் இரண்டில் ஒன்றாவது தேறியிருக்கிறதா, தேறிய டொமைனும் நம் கண்ணுக்குத் தெரியும் ஃப்ரம் டொமைனும் ஒன்றுதானா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் டொமைன் உரிமையாளரே அறிவிக்கலாம்: ஒன்றும் செய்யாதே, ஸ்பேமில் போடு, வாங்காதே என்று மூன்று நிலைகள்.

இவற்றின் முடிவை நீங்களே பார்க்கலாம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, ஓர் அஞ்சலின் வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவற்றின் எதிரே ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று இருக்கும். ஒருவரை அனுமதிப் பட்டியலில் சேர்க்கும் முன், அவரிடமிருந்து ஏற்கெனவே வந்த உண்மையான அஞ்சல் ஒன்றில் டிமார்க் பாஸ் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். ஸ்பேம்அசாசினில் இன்னும் ஒரு படி போகலாம். அனுமதி வரிகளில், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறினால் மட்டும் செல்லுபடியாகும் வகை ஒன்று இருக்கிறது. முடிந்த இடங்களில் எல்லாம் அதையே பயன்படுத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்தச் சோதனைகள் ‘இந்த டொமைனிலிருந்துதான் வந்தது’ என்று உறுதி சொல்கின்றன. ‘அனுப்பியவர் நல்லவர்’ என்று சொல்வதில்லை. நண்பரின் கடவுச்சொல்லைத் திருடியவன் அவர் கணக்கிலிருந்தே எழுதினால் மூன்றும் பாஸ் ஆகும், உங்கள் அனுமதிப் பட்டியலும் அவனை உள்ளே விடும். பணம் கேட்டு வரும் அஞ்சல் யாரிடமிருந்து வந்தாலும், தொலைபேசியில் குரலைக் கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும்.

முகவரியா, டொமைனா?

பட்டியலில் எழுதுவது ஒற்றை முகவரியாக இருக்க வேண்டுமா, டொமைன் முழுவதுமா? அந்த டொமைனில் யாரெல்லாம் முகவரி பெற முடியும் என்ற கேள்விக்கான பதிலைப் பொறுத்தது அது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மட்டும் தரும் டொமைன் என்றால் முழுவதையும் அனுமதிக்கலாம். தேர்வுப் பிரிவு, கட்டணப் பிரிவு, நூலகம் என்று ஒவ்வொன்றும் வேறு முகவரியிலிருந்து அனுப்பும் பல்கலைக்கழகத்துக்கு அதுவே வசதி. பொதுச் சேவை என்றால் ஒற்றை முகவரி.

இந்தியாவில் சில டொமைன் முடிவுகள் இந்தத் தேர்வை எளிதாக்குகின்றன. ‘ஜிஓவி.இன்’ அரசு அமைப்புகளுக்கு மட்டும் உரியது. வங்கிகளுக்கென்று ‘பேங்க்.இன்’ என்ற தனி முடிவை ரிசர்வ் வங்கி 2025-இல் கொண்டுவந்தது. வங்கிகள் அதற்கு மாற 2025 அக்டோபர் 31 வரை காலக்கெடு கொடுத்தது. பதிவு செய்யும் பொறுப்பு ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. வங்கியல்லாத ஒருவர் அங்கே பெயர் வாங்க முடியாது. உங்கள் வங்கி எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறது என்பதைப் பார்த்து, பழைய டொமைனை வைத்திருந்தால் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழக வேண்டும். உரிமையைக் காட்டுவது கடைசிப் பகுதி. நடுவில் ‘பேங்க்.இன்’ என்று வந்து, அதற்குப் பின் இன்னொரு புள்ளியும் வேறு பெயரும் தொடர்ந்தால், அது அந்தக் கடைசிப் பெயருக்குச் சொந்தக்காரருடையது. உருவத்தில் ஒத்த எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். 2017-இல் ஓர் ஆய்வாளர் சிரிலிக் எழுத்துகளை மட்டும் கொண்டு, ஆப்பிள் நிறுவனத்தின் பெயர் போலவே தோன்றும் டொமைனைப் பதிவு செய்து, அன்றைய சில உலாவிகளில் கண்ணால் வேறுபாடு காண முடியாது என்று நிரூபித்தார். அனுமதிப் பட்டியலில் சேர்க்கும் முகவரியை, சந்தேகத்துக்குரிய ஓர் அஞ்சலிலிருந்து நகலெடுக்காமல், அந்த நிறுவனத்தின் இணையதளத்திலோ பாஸ்புக்கிலோ பார்த்துத் தட்டச்சு செய்வது இதனால்தான் நல்லது.

பட்டியலைப் பராமரிப்பது

ஜிமெயிலில் அனுமதிப் பட்டியல் என்ற பெயரில் தனிப் பகுதி கிடையாது. செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்’ பக்கத்துக்குப் போய், புதிய ஃபில்டரில் ஃப்ரம் முகவரியையோ டொமைனையோ எழுதி, ‘நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளாக் செய்த முகவரிகளும் அதே பக்கத்தின் கீழே இருக்கும். அவுட்லுக்.காமில் ‘ஜங்க் இமெயில்’ அமைப்பில் தடுக்கப்பட்டவர்களுக்கும் பாதுகாப்பானவர்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களை நம்பச் சொல்லும் தேர்வும் அங்கேயே இருக்கிறது.

சேவை எதுவானாலும், வாரம் ஒருமுறை ஸ்பேம் பகுதியைத் திறந்து அனுப்புநர், தலைப்பு ஆகியவற்றை மட்டும் கண்ணோட்டமாகப் பாருங்கள். ஜிமெயிலில் 30 நாள் கெடு இருப்பதால் மாதம் ஒருமுறை என்பது போதாது. நல்ல அஞ்சல் கண்ணில் பட்டால் ‘நாட் ஸ்பேம்’ கொடுங்கள். வடிகட்டி அதிலிருந்தும் கற்கும். அதே அனுப்புநர் மறுபடியும் தவறிப் போனால் அப்போது அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம். வேலைக்கு விண்ணப்பித்தவரும் கல்லூரிச் சேர்க்கைக்குக் காத்திருப்பவரும் மட்டும் இதற்குக் காத்திராமல், விண்ணப்பித்த அன்றே அந்த நிறுவனத்தின் டொமைனைச் சேர்த்துவிடுவது நல்லது.

அனுப்புநர் மாறிக்கொண்டே இருப்பதால் தடை பயன்படவில்லை என்றால், பெறுநர் முகவரியைக் கொண்டு தடுக்க ஒரு வழி இருக்கிறது. ஜிமெயிலிலும் அவுட்லுக்.காமிலும் உங்கள் பெயருக்குப் பின்னால், @ குறிக்கு முன்னால், ஒரு கூட்டல் குறியும் விருப்பமான சொல்லும் சேர்த்துக்கொள்ளலாம். அஞ்சல் உங்கள் பெட்டிக்கே வரும். துணிக்கடைக்குக் கொடுக்கும்போது ‘கூட்டல் துணி’, டிக்கெட் தளத்துக்கு ‘கூட்டல் டிக்கெட்’ என்று கொடுத்தால், பின்னாளில் ‘கூட்டல் துணி’ முகவரிக்குக் குப்பை வரத் தொடங்கும்போது அது எந்தக் கடையிலிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும். அந்தப் பெறுநர் முகவரிக்கு வருவதை எல்லாம் நீக்கச் சொல்லி ஒரே ஒரு ஃபில்டர் போட்டால், எத்தனை ஆயிரம் போலிப் பெயர்களில் வந்தாலும் அகப்படும். சில தளங்களின் படிவங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. ஏற்கும் இடங்களில் எல்லாம் பயன்படுத்துங்கள்.

பட்டியலும் வயதாகும். விட்டு வந்த வேலை, முடித்த படிப்பு, மூடிய வங்கிக் கணக்கு ஆகியவற்றின் வரிகள் அனுமதிப் பட்டியலில் தங்கியிருக்க வேண்டியதில்லை. நிறுவனம் புதுப்பிக்காமல் விட்ட டொமைனை வேறொருவர் வாங்கிவிட முடியும். அப்போது எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் அந்தப் புதிய ஆளுக்காகப் பாஸ் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைத் திறந்து, தொடர்பு முடிந்துபோனவர்களை நீக்கிவிடுங்கள்.

மின்னஞ்சல் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இருக்கும் நாடுகளிலும் ஸ்பேம் ஒழிந்துவிடவில்லை. 2004 ஜனவரியில் அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும், இன்று உலகில் புழங்கும் மின்னஞ்சலில் கிட்டத்தட்டப் பாதி குப்பைதான். அதில் பெரும்பகுதியைச் சேவை நிறுவனங்களின் வடிகட்டிகள் நாம் அறியாமலே தடுத்துவிடுகின்றன. அந்த வடிகட்டிகளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு: உங்களுக்கு யார் முக்கியம் என்பது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இன்றே அரை மணி நேரம் ஒதுக்கி, தவறவிடவே கூடாத சிலரின் முகவரிகளைச் சரிபார்த்து அனுமதிப் பட்டியலில் எழுதி வையுங்கள். வீட்டில் முதியவர்களோ வேலை தேடும் பிள்ளைகளோ இருந்தால் அவர்களுக்கும் செய்து கொடுங்கள்.